அன்பின் ஸ்தோத்திரங்கள்

“யாருக்கு எழுதறோம்னு தெரியாதவங்கதான் ‘ஐயா’ன்னு போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘அம்மையீர்’னும் போடுவாங்க. நாற்காலியில ரெண்டுல ஒருத்தர்தானே உக்காந்திருக்காங்க?”

அந்தத் தனியார் பள்ளியின் அலுவலகத்தில் ரெபேக்காள் இதைச் சொல்லாத வருடமே கிடையாது. அங்கே அவள் தலைமை எழுத்தர். கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தாலே எழுதினவரின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. விளித்த பிறகு கமா வர வேண்டும். கமாவுக்குக் கீழே ஒரு வரி இடம் விட வேண்டும். ஆச்சரியக்குறி கல்யாணப் பத்திரிகைக்கு, அலுவலகத்துக்கு அல்ல. தாளாளர் ஒரு பெண்மணி, வள்ளிநாயகி என்று வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறது. அதைப் படிக்காமல் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதுகிறவர் எம்.ஏ. படித்திருந்தால்தான் என்ன?

தலைமையாசிரியை கூடக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதை அவளிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். கணக்காளர் நாகராஜன் அவளுக்குக் ‘கமா மேடம்’ என்று பெயர் வைத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் சொன்னதை நாளடைவில் முகத்துக்கு நேரேயும் சொன்னான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

மே மாதத்தில் கட்டணக் கவுண்டரில் இருந்த பெண் கல்யாணமாகி நகரிப் பக்கம் போய்விட்டாள். அந்த வேலைக்கு, தமிழில் கைப்பட எழுதிய விண்ணப்பம் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். வந்தவற்றை முதலில் பிரிப்பவள் ரெபேக்காள். முதல் வரி ஒழுங்காக இருப்பது தாளாளரின் கோப்புக்குப் போகும். மற்றது சாக்பீஸ் வந்த பழைய அட்டைப்பெட்டிக்குப் போகும். பெட்டிக்குப் போனது திரும்பி வந்ததில்லை.

அந்த வேலையை வீட்டில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் சுஜா. பி.காம். படித்தவள், பள்ளிப்பட்டுக்காரி. ரெபேக்காளின் மகன் காலேப் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவன். அவன் பகலில் தூங்கும்போது வீட்டில் பாத்திரம் நகர்த்தக்கூட முடியாது. கே.ஜி.கண்டிகையில் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடமாடி நடமாடியே கல்யாணமான பிறகான வருடங்கள் போய்விட்டன என்று சுஜா ஒரு நாள் சொன்னாள். “யாராவது என் பேரச் சொல்லி கூப்ட்டு, இந்தாம்மா ரசீதுன்னு நான் குடுக்கணும் அத்தை. அவ்ளோதான் அத்தை எனக்கு” என்றாள்.

மாமியாரும் மருமகளும் ஒரே ஆபீஸில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வேண்டாம் என்று ரெபேக்காள் சொல்லிவிட்டாள். சுஜா இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் அதே பதில்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. ரெபேக்காளும் அந்த ஆந்திர எல்லைப் பக்கத்து மிஷன் தெருவில் பிறந்தவள்தான். ‘ஆங்’ என்று பேசி வளர்ந்தவள், ஆபீஸுக்கு வந்த பிறகு ‘ஆமாம்’ என்று மாற்றிக்கொண்டாள். அப்பாவை ‘நைனா’ என்றதை மறந்துபோனாள். வெள்ளைப் புடவையை ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். தன்னைப் பார்க்கிறவர்களுக்குத் தன் ஊரும் தெருவும் நினைவுக்கு வரக்கூடாது என்று அவள் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. சுஜாவோ பஸ் நிலையத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ‘அத்தை’ என்று கூவுகிறவள். ஒரு பேச்சில் முன்னால் ஒரு அத்தை, பின்னால் ஒரு அத்தை. ஒரு வாட்டி சொன்னால் போதாதா என்று ரெபேக்காள் கேட்டதுண்டு. “வாயில தானா வருது அத்தை” என்று சிரித்தாள்.

கல்யாணம் கொரோனா காலத்தில் நடந்ததால் ஆபீஸிலிருந்து யாரையும் அழைக்க முடியவில்லை. அதில் ரெபேக்காளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

இரண்டு முறை மறுத்த பிறகு சுஜா மூன்றாவது முறை கேட்கவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, அப்பா வீட்டு விலாசத்தையும் போட்டு, தானாகவே ஒரு விண்ணப்பம் எழுதி, பள்ளிப்பட்டிலிருந்து தபாலில் போடும்படி அப்பாவிடம் சொன்னாள். தாளாளரே பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தாள். எல்லாத் தபாலையும் அத்தைதான் முதலில் பிரிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பங்கள் வரும் நாட்களில், மத்தியான டீ வந்ததும், மோசமான முதல் வரிகளை ரெபேக்காள் உரக்கப் படித்துக் காட்டுவாள். நாகராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். அட்மிஷன் வேலைக்கு வந்திருக்கும் தமிழாசிரியை மோகனப்ரியாவும் வந்து உட்காருவாள். ஒருவர் ‘ஹலோ மேடம்’ என்று தொடங்கியிருந்தார். ஒருவர் தாளாளரை ‘கல்வித் தாயே’ என்று விளித்து மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அதற்குப் பிறகு இது.

“கிறிஸ்து இயேசுவுக்குள் மிகவும் பிரியமான கரஸ்பாண்டன்ட் அம்மா அவர்களுக்கு அன்பின் ஸ்தோத்திரங்கள். தாங்களும் தங்கள் குடும்பத்தார் யாவரும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.”

டீ புரையேறி மோகனப்ரியா இருமினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு வருகிற தாளாளர் அம்மாவுக்கா ஸ்தோத்திரம் என்றாள். வேலைக்குக் கேட்கிறார்களா, உபவாச ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்களா என்று நாகராஜன் கேட்டான். கேட்டுவிட்டு ரெபேக்காளைப் பார்த்தான். இது உங்கள் ஆட்களாச்சே, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிற பார்வை. அந்தப் பார்வைக்காகத்தான் அவள் அதைச் சொன்னாள். அவர்களைவிட ஒரு படி மேலே போய்ச் சொன்னாள்.

“ஆமென்னு ஒரே வார்த்தையில பதில் போட்டு அனுப்பிடலாமா?”

நாகராஜன் மேசையைத் தட்டிச் சிரித்தான். ரெபேக்காளும் சிரித்தபடியே தாளின் கடைசிக்குப் போனாள். ஜெ. சுஜா. கீழே, ஜெபரத்தினம் அவர்களின் இல்லம், பள்ளிப்பட்டு.

அந்தக் கையெழுத்தை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் மளிகைச் சாமான் பட்டியல் கூடப் போனில்தான் வரும்.

யார் அது, பெயர் என்ன என்று மோகனப்ரியா கேட்டாள்.

“யாரோ” என்றாள் ரெபேக்காள். “பள்ளிப்பட்டுப் பக்கம்.”

தாளை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டாள். போட்ட கை அந்தப் பெட்டியின் விளிம்பிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அடுத்ததைப் படியுங்கள் என்றார்கள். அவள் அடுத்ததைப் படித்தாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது சுஜா டீ போட்டு வைத்திருந்தாள். காலேப் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்று, புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“அத்தை, இன்னைக்கு ஆபீஸ்ல தபாலு பாத்தீங்களா அத்தை?”

“பாத்தேன்.”

“நான் ஒண்ணு போட்டிருந்தேன் அத்தை. உங்களுக்கு சொல்லாம போட்டுட்டேன். கோச்சிக்காதீங்க.”

கோபித்துக்கொள்ளவே ரெபேக்காளுக்கு ஆசையாக இருந்தது. கோபம் வந்தால் மற்றது மறைந்துவிடும். ஆகவே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினாள். சபைக்கு எழுதுவது வேறு, ஆபீஸுக்கு எழுதுவது வேறு என்று தெரியாதா என்றாள். பி.காம். படித்தவள், அம்மையீர் என்று எழுதிக் கமா போட்டால் முடிந்தது, எதற்குக் கிருபையும் ஜெபமும் என்றாள். கடைசியில் கேட்டாள்:

“யாரு உனக்கு இப்படி எழுதக் கத்துக் குடுத்தது?”

“நீங்கதான் அத்தை” என்றாள் சுஜா.

கேலியில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“என்னைப் பொண்ணு கேட்டு எங்க நைனாவுக்கு ஒரு லெட்டர் எழுதினீங்களே அத்தை. ‘கிறிஸ்து இயேசுவுக்குள் மிகவும் பிரியமான சகோதரர் ஜெபரத்தினம் அவர்களுக்கு அன்பின் ஸ்தோத்திரங்கள்’னு. எனக்கு மனப்பாடம். நைனாவுக்கு அதுக்கு முன்னாடி யாருமே அப்படி எழுதினதில்ல. தறிக்காரனுக்கு யாரு எழுதுவாங்க. கரண்டு ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வரும், அவ்ளோதான். நீங்க எழுதினத சபையில எழுந்து நின்னு படிச்சிக் காட்டினாரு அத்தை. எல்லாரும் அழுதுட்டாங்க. ஆபீஸ்ல பெரிய வேலை பாக்கறவங்க, எவ்ளோ மரியாதை தெரிஞ்சவங்கன்னு பாருங்கன்னு பாஸ்டரே சொன்னாரு. நான் நெனச்சேன், பெரிய எடத்துக்கு எழுதணும்னா அப்படித்தான் எழுதணும்னு. உங்க வரியத்தான் அப்படியே போட்டேன். சகோதரருக்குப் பதிலா அம்மான்னு மட்டும் மாத்திக்கினேன்.”

ரெபேக்காள் டீயைக் குடித்தாள். அது சுட்டது. சுட்டது தெரிந்தும் குடித்தாள்.

அந்தக் கடிதம் நினைவில் இருந்தது. பிள்ளைக்கு நல்ல இடமாக அமைய வேண்டும் என்று ஜெபித்துவிட்டு உட்கார்ந்து எழுதியது. அதில் கமா பார்க்கவில்லை. தன் அப்பா எழுதுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அந்த வரி தானாகவே வந்தது.

“யாராவது பாத்தாங்களா அத்தை?” சுஜா கேட்டாள். “தப்பா எழுதினத.”

“இல்ல” என்றாள் ரெபேக்காள். “யாரும் பாக்கல. நான்தான் மொதல்ல பிரிச்சேன். எடுத்து வெச்சிட்டேன்.”

“நல்லவேளை” என்றாள் சுஜா. நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் ரெபேக்காள் எழுந்து முகம் கழுவப் போனாள்.

பிறகு அவளே ஒரு புது விண்ணப்பம் சொல்லச் சொல்ல, சுஜா தரையில் உட்கார்ந்து எழுதினாள். நாளைக்கு நேரில் கொண்டுவந்து கவுண்டரில் கொடு, நான் கோப்பில் வைத்துவிடுகிறேன் என்றாள் ரெபேக்காள். இனிமேல் தடுக்கமாட்டேன் என்பதை அப்படித்தான் அவளால் சொல்ல முடிந்தது. எழுதி முடித்ததும் கமாவுக்குக் கீழே இடம் விட்டது போதுமா என்று சுஜா கேட்டாள். போதும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள்.

“அங்க வந்து அத்தைன்னு கூப்புடாத. மேடம்னு கூப்புடு.”

“சரிங்க அத்தை” என்றாள் சுஜா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “சரிங்க மேடம்” என்று சிரித்தாள். விளையாட்டு மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் ரெபேக்காள் சீக்கிரமே போய் அட்டைப்பெட்டியிலிருந்து பழைய தாளை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். கிழித்துவிடலாம் என்று எடுத்தாள். கிழிக்க வரவில்லை.

நாகராஜன் வரும்போதே கையைக் குவித்து, “அன்பின் ஸ்தோத்திரங்கள் மேடம்” என்றான். மோகனப்ரியாவுக்கும் அதே வணக்கம். டீ கொண்டுவந்த கௌரியம்மாளுக்கும் அதே. ஒரே நாளில் அது அந்த அறையின் புதுப் பழக்கமாகிவிட்டது. போதும் நிறுத்துங்கள் என்று ரெபேக்காள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். ஏன் என்று கேட்பான், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் புன்னகை செய்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

சுஜா வந்தாள். நல்ல புடவை, தலையை அழுந்த வாரியிருந்தாள். கவுண்டரில் நாகராஜன்தான் இருந்தான். அவள் வணக்கம் சொல்லி உறையை நீட்டினாள். ரெபேக்காள் எழுந்து வருவதற்குள் அவன் உறையின் மேலிருந்த விலாசத்தைப் படித்துவிட்டான்.

“பள்ளிப்பட்டா? நேத்து உங்க ஊர்லேர்ந்து ஒரு லெட்டர் வந்துதும்மா. பாத்திருக்கணும் நீ.” சொல்லிவிட்டு அந்த வரியை முழுக்கச் சொன்னான், ஒரு சொல் பிசகாமல், பிரசங்கம் செய்கிறவர் மாதிரி குரலை இழுத்து. “மேடம் படிச்சாங்க பாரு, நாங்க வயித்தப் புடிச்சிகினு சிரிச்சோம். மேடம், நீங்க இன்னா சொன்னீங்க? ஆங், ஆமென்னு பதில் போட்டுடலாமான்னு. எங்க மேடத்துக்கு வாய் அப்படி.”

மோகனப்ரியா நேற்று சிரித்த அதே சிரிப்பை இன்றும் கொஞ்சம் சிரித்தாள்.

சுஜா நாகராஜனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெபேக்காள் பக்கம் திரும்பவில்லை. கன்னத்திலிருந்து காது வரை சிவந்தது மட்டும் தெரிந்தது. பிறகு உறையை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தாளை வெளியே எடுத்து, கவுண்டர் மேல் விரித்து, ரெபேக்காள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“இது சரியா இருக்குதான்னு பாத்துடுங்க மேடம்” என்றாள்.

நேற்று ராத்திரி சொல்லிக்கொடுத்தபடிதான் கூப்பிட்டாள். ரெபேக்காள் தாளைக் குனிந்து பார்த்தாள்.  இப்போதும் ஒரு வழி இருந்தது. சரியாக இருக்கிறதம்மா, வைத்துவிட்டுப் போ என்று சொன்னால், இந்த அறையில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். சுஜா அதற்கு இடம் கொடுத்துத்தான் நின்றாள்.

“நாகராஜன்” என்றாள் ரெபேக்காள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நேத்து வந்தது இவ எழுதினது. இவ என் மருமவ.”

சொல்லிவிட்டு மோகனப்ரியாவையும் பார்த்தாள்.

“அந்த மொத வரி இவளுது இல்ல. என்னுது. இவ நைனாவுக்கு நான் எழுதினது. அதப் பாத்துதான் எழுதியிருக்கா. நேத்து பேரப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சும் யாரோன்னு சொன்னேன்.”

நாகராஜன் எழுந்து நின்றுவிட்டான். எனக்குத் தெரியாதும்மா, தப்பா எடுத்துக்காதம்மா என்று சுஜாவிடம் ஏதேதோ சொன்னான். மோகனப்ரியா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள். சுஜா அவனிடம் பரவாயில்லை சார் என்றாள். நான் கிளம்புகிறேன் என்றாள், அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. தாளைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று கூட நிற்காமல், வெயிலில் அவள் நின்றுகொண்டிருந்ததை ரெபேக்காள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போய்க் கூடவே நிற்கலாம் என்று தோன்றியது. என்ன சொல்லிக்கொண்டு போவது?

இழுப்பறையிலிருந்த பழைய தாளை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனாள். கவுண்டரில் கிடந்த புதியதை எடுக்கவில்லை. அது அவள் சொல்லி எழுதியது. இதுதான் சுஜாவின் விண்ணப்பம்.

வள்ளிநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். ஸ்தோத்திரம் என்றால் என்ன, வணக்கம் போலவா என்று கேட்டார். ஆமாம், அது போலத்தான் என்றாள் ரெபேக்காள்.

“அப்புறம் இதுல இன்னா சிரிப்பு? இங்க வரைக்கும் கேட்டுது நேத்து.” தன் மேசையிலிருந்த பள்ளியின் லெட்டர்பேடை எடுத்துத் திருப்பிக் காட்டினார். மேலே வேல் படமும், சுப்பிரமணியர் துணை என்ற வரியும். “இதுக்கு யாரும் சிரிச்சதில்லியே.”

ரெபேக்காள் எல்லாவற்றையும் சொன்னாள். வள்ளிநாயகி குறுக்கே பேசாமல் கேட்டார். கையெழுத்து நன்றாக இருக்கிறது, பி.காம். என்றால் ரசீது போடத் தெரியாமலா இருக்கும், திங்கட்கிழமை வரச்சொல்லுங்கள், பேசிப் பார்க்கிறேன் என்றார். அவள் வாசல் வரை போன பிறகு கேட்டார்:

“இத்தினி வருஷமா இங்க இருக்கீங்க. உங்க வீட்ல யாரு இருக்காங்கன்னு கூட எனக்குத் தெரியாது. ஏம்மா?”

ரெபேக்காளிடம் இருந்த பதிலை அந்த அறையில் சொல்ல முடியாது.

நேர்காணலுக்கு அழைக்கும் கடிதத்தை அவள்தான் அடிக்க வேண்டும். தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், எல்லாம் வழக்கமாக விரல் தானாக அடிப்பவை. அடித்தாள். மேலே முதல் வரி மட்டும் காலியாக இருந்தது. ‘அம்மையீர்,’ என்று போட்டாள், அழித்தாள். ‘அன்புள்ள சுஜா,’ என்று போட்டாள். அன்பு என்ற சொல்லைத் திரையில் பார்த்ததும் கூச்சமாக இருந்தது, அதையும் அழித்தாள். கௌரியம்மாள் வந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். நாகராஜன் தலை நிமிராமல் கணக்கு எழுதினான். அன்று ஒருவரும் ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கடைசியில் ‘திருமதி ஜெ. சுஜா அவர்களுக்கு,’ என்று அடித்து, கீழே ஒரு வரி இடம் விட்டு, தாளாளரிடம் கையெழுத்து வாங்கினாள். ஒரு குறையும் சொல்ல முடியாத வரி அது. அதைத் தபாலில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் சுஜா துணி மடித்துக்கொண்டிருந்தாள். காலேப் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். ரெபேக்காள் உறையை நீட்டினாள். சுஜா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே படித்தாள். தன் பெயர் இருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

“திங்கக்கெழமை பத்து மணிக்கா?”

“ஆங்” என்றாள் ரெபேக்காள்.

“சர்டிபிகேட்டெல்லாம் நைனா வீட்ல இருக்குது. நாளைக்குப் போய் எடுத்துகினு வரேன்.”

“நானும் வரேன். உங்க நைனாகிட்ட நானே...” 

சுஜா கடிதத்தை உறைக்குள் திருப்பி வைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அடுக்களைக்குள் போனாள். அங்கிருந்தே சொன்னாள், தூங்குகிறவனை எழுப்பாத குரலில்:

“டீ வெச்சிருக்குது. ஆறிப்போவும்.”

முன்னால் அத்தை இல்லை, பின்னாலும் இல்லை. ரெபேக்காள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் கூடத்தில் நின்றாள். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள். உள்ளே சுஜா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டிருந்தாள்.